சளி எல்லாருக்கும் வருது, ஆஸ்துமா சிலருக்குத்தான் வருது: 17க்யூ21 கேஸ் முழுசா

ரெண்டு வயசுக் குழந்தைக்கு சளி புடிச்ச மறுநாளே நெஞ்சுல விசில் சத்தம், ராத்திரி நெபுலைசர், ஒரு வாரத்துல சரியாகி அடுத்த மாசம் மறுபடியும் அதே கதை. இதப் பாக்குற அப்பா அம்மா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், இந்த வீசிங் ஆஸ்துமாவா மாறுமா மாறாதா. வீட்டுல பெரியவங்க நம்ம வம்சத்துலயே இளைப்பு இருக்குப்பாங்க, டாக்டர் வைரஸ்தான், வளர வளர சரியாயிடும்பார். பரம்பரையா வைரஸான்னு ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தியே பேசிப் பழகிட்டோம். அந்தக் கேள்வியே தப்பா கேக்கப்பட்டிருக்குன்னு ஆதாரத்தோட காட்டுன ஒரு ஆய்வு 2013ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. 17க்யூ21ங்கற ஒரு ஜீன் இடத்தையும் சளி வைரஸையும் சேர்த்துப் பாத்த ஆய்வு அது, அதத்தான் இங்க கேஸா எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்கு அப்பறம் என்ன தெரிஞ்சுது, எங்க அளவுக்கு மீறி நம்பிடக் கூடாது, எல்லாத்தையும் சேர்த்தே சொல்றேன், ஏன்னா இத பாதி மட்டும் கேட்டுட்டு பணத்த செலவழிச்சு ஜீன் டெஸ்ட் எடுக்கப் போறவங்க இருக்காங்க.

முதல்ல ஒரு நிம்மதியான விஷயம். சின்ன வயசு வீசிங் எல்லாம் ஆஸ்துமா இல்ல. இது ஆறுதலுக்கு சொல்றது இல்ல, எண்ணிப் பாத்த கணக்கு. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல டூசான் ஊர்ல 1,246 குழந்தைங்கள பொறந்ததுல இருந்தே சேர்த்து ஒரு ஆய்வு நடத்துனாங்க, ஃபெர்னாண்டோ மார்ட்டினஸ் குழு 1995ல அதோட ரிசல்ட்ட வெளியிட்டாங்க. ஆறு வயசு வரைக்கும் முழு விவரம் கெடச்ச 826 பேர்ல பாதிப் பேருக்கு வீசிங்கே வரல. கிட்டத்தட்ட 20 சதவீதம் பேருக்கு முதல் மூணு வருஷத்துல வந்துட்டு ஆறு வயசுல இல்ல. 15 சதவீதம் பேருக்கு மூணு வயசுக்கு அப்பறம்தான் ஆரம்பிச்சுது. சுமார் 14 சதவீதம் பேருக்கு முன்னாடியும் இருந்துச்சு ஆறுலயும் இருந்துச்சு. அதாவது மூணு வயசுக்குள்ள வீசிங் வந்த பத்துப் பேர்ல ஆறு பேருக்கு ஆறு வயசுல காணோம். சரி, அந்த மிச்சம் நாலு பேர் யாரு, அவங்கள முன்னாடியே எப்படிக் கண்டுபுடிக்கறது? இதுக்கப்பறம் நடந்த ஆராய்ச்சி பூராவும் இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஓடுனதுதான்.

ஜீன் பக்கம் பெரிய திருப்பம் வந்தது 2007ல. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல மிரியம் மொஃபாட், வில்லியம் குக்சன் ரெண்டு பேரோட குழு சின்ன வயசுலயே ஆஸ்துமா ஆரம்பிச்ச 994 பேரோட டிஎன்ஏவையும் ஆஸ்துமா இல்லாத 1,243 பேரோட டிஎன்ஏவையும் எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் 3,17,000க்கு மேல இடங்கள்ல எழுத்து மாறியிருக்கான்னு ஒப்பிட்டாங்க. அவ்வளவு இடத்துல ஒரே ஒரு பகுதி தனியா எழுந்து நின்னுச்சு, 17ம் குரோமோசோம்ல நீளமான கைப்பகுதியில 21ங்கற இடம். அதத்தான் 17க்யூ21ன்னு சொல்றாங்க. அங்க ஓஆர்எம்டிஎல்3ன்னு ஒரு ஜீன், அது பக்கத்துலயே காஸ்டெர்மின் பி. இதுக்கு அப்பறம் 2010ல கேப்ரியல்ங்கற கூட்டமைப்பு 10,365 நோயாளிங்களையும் 16,110 பேர் ஒப்பீட்டுக்கும் வெச்சு பெரிய அளவுல பாத்தப்பவும் சின்ன வயசு ஆஸ்துமாவுக்கு அதே இடம்தான் வந்து நின்னுச்சு. ஆஸ்துமா ஜீன்னு அறிவிச்சுட்டு அடுத்த ஆய்வுல காணாம போன இடங்கள் நிறைய உண்டு, இது அப்படிப் போகல.

ஆனா அந்த இடத்துக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்துச்சு. பிரான்ஸ்ல 2008ல குடும்பங்கள வெச்சு பாத்தப்ப, நாலு வயசுக்குள்ள ஆரம்பிச்ச ஆஸ்துமாவோட மட்டும்தான் அதுக்குத் தொடர்பு, பெரியவனாகி வந்த ஆஸ்துமாவோட இல்ல. அதோட, சின்ன வயசுல வீட்டுல சிகரெட் புகை பட்ட குழந்தைங்களுக்கு அந்த ரிஸ்க் இன்னும் ஏறுச்சு. அடுத்த வருஷம் கோபன்ஹேகன்ல ஹான்ஸ் பிஸ்கார்ட் குழு இன்னொண்ணு சொன்னாங்க, இந்த ஜீன் வடிவத்துக்கு ஆஸ்துமாவோடயும் அது திடீர்னு முத்திப் போறதோடயும் தொடர்பு இருக்கு, அலர்ஜியோட தொடர்பே இல்ல. இந்த இடத்துல கொஞ்சம் நிதானிக்கணும். ஆஸ்துமான்னாலே அலர்ஜி, தூசி, பூனை முடின்னுதான் எல்லாரும் நெனப்போம். ஆனா சின்ன வயசு ஆஸ்துமாவுக்கு கெடச்சதுலயே பலமான ஜீன் இடம் அலர்ஜி வழியா வேலை செய்யல. அப்ப வேற எது வழியா? முதல் சில வருஷத்துல மட்டும் ஆபத்து பண்ற, அலர்ஜி இல்லாத ஏதோ ஒண்ணு. அந்த வயசுல நுரையீரலுக்குள்ள அடிக்கடி வந்து போறது சளி வைரஸ்தான்.

இப்ப கேஸுக்கு வர்றேன்.

விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல 1998ல கோஸ்ட்ன்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, ராபர்ட் லெமான்ஸ்கி, ஜேம்ஸ் கெர்ன் இவங்க எல்லாம். அப்பா அம்மாவுல ஒருத்தருக்காவது அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருக்கற 289 குழந்தைங்கள பொறக்கும்போதே சேர்த்தாங்க. இந்த ஆய்வோட உயிர் எங்க இருக்குன்னா மூக்குச் சளியில. குழந்தைக்கு முடியாம போனா உடனே ஃபோன் பண்ணுங்கன்னு பெத்தவங்ககிட்ட சொல்லிட்டாங்க, ஃபோன் வந்ததும் மூக்குல இருந்து சாம்பிள், அதுல என்ன வைரஸ்னு பிசிஆர் பண்ணிப் பாப்பாங்க. நல்லா இருக்கும்போதும் குறிச்ச தேதியில சாம்பிள் எடுத்தாங்க. இப்படி வருஷக்கணக்கா விடாம எடுத்ததுனாலதான் போன சளிக்கு வந்தது எந்த வைரஸ், வீசிங் வந்தப்ப இருந்தது எந்த வைரஸ்னு பிரிச்சுச் சொல்ல முடிஞ்சுது. பிசிஆர் பரவலா வர்றதுக்கு முன்னாடி ரைனோ வைரஸ வெறும் மூக்குச் சளி பண்றதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, நெஞ்சுக்கு இறங்குறதெல்லாம் ஆர்எஸ்விங்கற இன்னொரு வைரஸ்னுதான் நம்புனாங்க.

2008ல டேனியல் ஜாக்சன் குழு அந்தப் பசங்கள்ல 259 பேரோட ஆறு வயசு நிலவரத்த வெளியிட்டப்ப அந்த நம்பிக்கை உடைஞ்சுது. முதல் மூணு வருஷத்துல ஆர்எஸ்வி புடிச்சு வீசிங் வந்தவங்களுக்கு, வீசிங்கே வராதவங்கள விட ஆஸ்துமா வாய்ப்பு ஆட்ஸ் கணக்குல, அதாவது வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் உள்ள விகிதத்துல, 2.6 மடங்கு. ரைனோ வைரஸ் புடிச்சு வீசிங் வந்தவங்களுக்கு 9.8 மடங்கு. மூணாவது வருஷத்துல ரைனோ வைரஸ் வீசிங் வந்த 30 பேர்ல 26 பேருக்கு ஆறு வயசுல ஆஸ்துமா. முதல்ல இந்த எண்ணப் பாத்தப்ப நெஜமாவே நெஞ்சுக்குள்ள கனமா இருந்துச்சு, ஏன்னா நம்ம வீடுகள்ல சாதாரண சளிதான்னு விட்டுடற அதே வைரஸ். ஆனா இவங்க எல்லாம் ஏற்கெனவே குடும்பத்துல அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருக்கற புள்ளைங்க, ரிஸ்க் அதிகம்னு தேடிப் பிடிச்சு சேர்த்தவங்க. தெருவுல போற எந்தக் குழந்தைக்கும் இந்த 30க்கு 26 பொருந்தாது. இந்த ஆய்வப் பத்தி பேசுற பல பேர் இத சொல்லாம விட்டுடறாங்க.

இதே மாதிரி டென்மார்க் கோபன்ஹேகன்ல கோப்சாக்ன்னு ஒரு ஆய்வு. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்த 411 குழந்தைங்க. அங்க கெடுபிடி இன்னும் ஜாஸ்தி, பெத்தவங்க தினமும் டைரி எழுதணும், நெஞ்சு தொந்தரவுக்கு ஊர் டாக்டர்கிட்ட போகாம ஆய்வு கிளினிக்குக்கே வரணும், ஆஸ்துமான்னு முடிவு பண்றதும் அந்த டாக்டருங்கதான். ஒரே கண்ணால எல்லாரையும் பாத்ததுனால டயக்னோசிஸ் ஆளாளுக்கு மாறல.

சிகாகோ யூனிவர்சிட்டியில கேரல் ஓபர்ங்கற மரபியல் ஆராய்ச்சியாளர் குழு இந்த ரெண்டு இடத்து டேட்டாவையும் சேர்த்தாங்க, இதுதான் ஆரம்பத்துல சொன்ன 2013 ஆய்வு. மேடிசன்ல இருந்து 200 பேர், கோபன்ஹேகன்ல இருந்து 297 பேர். ஒவ்வொரு குழந்தைக்கும் 17க்யூ21ல ஆஸ்துமா ரிஸ்க்கக் கூட்டற எழுத்து வடிவம் இருக்கா இல்லையா, முதல் மூணு வருஷத்துல எந்த வைரஸ்ல வீசிங், அப்பறம் ஆஸ்துமா வந்துச்சா, இந்த மூணையும் ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. கெடச்ச பதில் இதுதான்: ரிஸ்க் வடிவம் இருந்தவங்களுக்கு ரைனோ வைரஸ் வீசிங் அதிகம், ஆர்எஸ்வி வீசிங்குக்கும் இந்த ஜீனுக்கும் சம்பந்தம் இல்ல. அதோட முக்கியமானது, ரைனோ வைரஸ் வீசிங் வந்த புள்ளைங்ககிட்ட மட்டும்தான் 17க்யூ21 ஆஸ்துமாவோட தொடர்பு காட்டுச்சு. ரைனோ வைரஸ் வீசிங் வராத புள்ளைங்கள்ல ரிஸ்க் வடிவம் இருந்தும் இல்லாமலும் பெரிய வித்தியாசம் இல்ல. ஜீன் தனியா ஒரு பங்கு, வைரஸ் தனியா ஒரு பங்குன்னு கூட்டிப் போடற கணக்கு இல்ல இது. ஒண்ணு இருந்தாத்தான் இன்னொண்ணுக்கு வேலை. ரெண்டு நாட்டுல, ரெண்டு விதமா நடத்துன ஆய்வுல, இது ஒரே திசையில வந்துச்சுங்கறதுதான் எனக்கு இதுமேல நம்பிக்கை தர்ற விஷயம். 497 பேர் மரபியலுக்கு ரொம்பச் சின்ன எண்ணிக்கை, ஒரு இடத்துல மட்டும் வந்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

ரைனோ வைரஸ் புடிக்காம எந்தக் குழந்தையும் வளர்றது இல்ல. 160க்கும் மேல வகை இருக்கு, ஏ, பி, சின்னு மூணு குடும்பம். அப்ப வைரஸ் வந்துச்சா வரலையாங்கறது கேள்வியே இல்ல. வந்த வைரஸ் மூக்கோட நிக்குதா, நுரையீரல் வரைக்கும் இறங்கி மூச்சுக்குழாய சுருக்குதா, அங்கதான் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் வித்தியாசம். நாலு பேர் ஒரே வீட்டுல ஒரே சளிய வாங்கி ஒரே ஒரு புள்ள மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடறது ஏன்னு இதுல பாதி பதில் இருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னு அதே ஆய்வுல கொஞ்சம் பாத்தாங்க. ரத்த செல்லுங்கள எடுத்து ரைனோ வைரஸ் போட்டா ஓஆர்எம்டிஎல்3, காஸ்டெர்மின் பி ரெண்டு ஜீனும் அதிகமா வேலை செய்ய ஆரம்பிக்குது. ரிஸ்க் வடிவம் இருக்கறவங்ககிட்ட அந்த ஜீனுங்களோட அளவு எப்பவுமே கூட. ஆனா வைரஸ் போட்டதும் எவ்வளவு ஏறுதுங்கறது ரிஸ்க் வடிவம் உள்ளவங்க இல்லாதவங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அதனால கதை இதோட முடியல, இயக்கத்த அந்த ஆய்வு நிரூபிச்சுடல.

இந்த ரெண்டு ஜீன்ல குற்றவாளி யாருன்னு ரொம்ப நாள் இழுத்துச்சு. ஐரோப்பிய வம்சாவளிக்காரங்ககிட்ட அந்தப் பகுதி ஒரே பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல ஏறி ஒண்ணாவே இறங்கற ஆளுங்க மாதிரி, எழுத்து மாற்றங்கள் கும்பலாவே பரம்பரையா வரும், தனித்தனியா பிரிச்சுப் பாக்க முடியாது. ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்ககிட்ட அந்தக் கும்பல் உடைஞ்சு இருக்கறதுனால அவங்களச் சேர்த்துப் பாத்தப்பறம்தான் காஸ்டெர்மின் பி பக்கம் வெளிச்சம் விழுந்துச்சு. அது மூச்சுக்குழாய் உள்தோல் செல்லுல இருக்கற புரதம், தூண்டிவிட்டா செல்லோட சவ்வுல ஓட்டை போட்டு செல்ல வெடிச்சுச் சாக வெச்சு வீக்கத்தக் கிளப்பும். அந்த வேலைய செய்ய முடியாத ஒரு வடிவம் இருக்கறவங்களுக்கு ஆஸ்துமா ரிஸ்க் குறைவுன்னு 2018ல காட்டுனாங்க. ஓஆர்எம்டிஎல்3யும் விடுபடல, அது ஸ்ஃபிங்கோலிப்பிட்ங்கற கொழுப்பு தயாராகறத தடுக்கற புரதம், ரிஸ்க் வடிவம் இருக்கற குழந்தைங்களோட ரத்த செல்லுல அந்தக் கொழுப்பு கம்மியா தயாராகறதா 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. என் கணிப்பு, ரெண்டுக்கும் பங்கு இருக்கும், ஒண்ண மட்டும் புடிச்சுத் தொங்க வேண்டியது இல்ல.

2013க்கு அடுத்த வருஷமே இதே வழியில இன்னொரு ஜீன் வந்துச்சு. அது எனக்கு இதவிட அழகான கேஸ். டென்மார்க்ல ரெண்டுல இருந்து ஆறு வயசுக்குள்ள ஆஸ்துமா முத்தி திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில சேர்ந்த 1,173 குழந்தைங்கள எடுத்து 2,522 பேரோட ஒப்பிட்டாங்க. டிஎன்ஏ எங்க இருந்து கெடச்சுதுன்னா, பொறந்தப்ப குதிகால்ல குத்தி பேப்பர்ல காய வெச்சுப் பாதுகாத்த ரத்தச் சொட்டுல இருந்து. 17க்யூ21 அங்கயும் வந்துச்சு, கூடவே சிடிஎச்ஆர்3ன்னு யாருக்கும் பெருசா தெரியாத ஒரு ஜீன். அது என்ன வேலை செய்யுதுன்னு அப்ப தெரியல. 2015ல மேடிசன்ல யூரி போச்கோவ், ஜேம்ஸ் கெர்ன் குழு கண்டுபுடிச்சாங்க, ரைனோ வைரஸ் சி செல்லுக்குள்ள நுழையற கதவே அந்தப் புரதம்தான். அந்த சி குடும்பம் 2006 வரைக்கும் இருக்கறதே தெரியாம இருந்துச்சு, ஏன்னா வழக்கமான லேப் செல்லுங்கள்ல அது வளரவே வளராது, அந்த செல்லுங்கள்ல இந்தக் கதவு இல்ல. புரதத்துல 529வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினா செல்லோட மேற்பரப்புல கதவுங்க அதிகமாகுது, லேப்ல வைரஸ் ஒட்டறதும் பெருகறதும் சுமார் பத்து மடங்கு ஏறுச்சு. ஆஸ்பத்திரிக் கணக்குல ஆரம்பிச்சு வைரஸோட வாசல்ல போய் முடிஞ்ச ஆராய்ச்சி, ரெண்டே வருஷத்துல.

இப்ப ஒரு நேர்மையான எதிர்வாதம். வைரஸ் நுரையீரலக் கெடுத்து ஆஸ்துமா வருதா, இல்ல ஏற்கெனவே ஆஸ்துமாவுக்குத் தயாரா இருக்கற நுரையீரல் வைரஸ் வந்ததும் முதல் தடவை தன்னக் காட்டிக்குதா? ரெண்டுக்கும் டேட்டா ஒரே மாதிரிதான் இருக்கும். ஆர்எஸ்வி விஷயத்துல டேனிஷ் இரட்டையர் 8,280 ஜோடிய வெச்சு 2009ல பாத்தப்ப, ஆர்எஸ்வியால ஆஸ்துமா வருதுங்கறத விட ஆஸ்துமா சாய்வு இருக்கறவங்களுக்கு ஆர்எஸ்வி மோசமா வருதுங்கற மாதிரிதான் நல்லாப் பொருந்துச்சு. நெதர்லாந்துல குறைமாசக் குழந்தைங்க 429 பேருக்கு ஆர்எஸ்விக்கு எதிரான ஊசி போட்டுப் பாத்தாங்க, முதல் வருஷத்துல வீசிங் நாட்கள் 61 சதவீதம் குறைஞ்சுது, ஆனா ஆறு வயசுல நுரையீரல் பலத்துல வித்தியாசம் இல்ல. இன்னொரு பக்கம் டென்னசியில 2023ல வந்த ஆய்வுல, முதல் வருஷத்துல ஆர்எஸ்வியே புடிக்காத குழந்தைங்களுக்கு அஞ்சு வயசு ஆஸ்துமா 26 சதவீதம் குறைவு. இப்படி இழுபறி. ரைனோ வைரஸுக்கு 160 வகை இருக்கறதுனால தடுப்பூசியே இல்ல, அதனால தடுத்து நிறுத்திப் பாத்து நிரூபிக்கற வழியும் இன்னும் திறக்கல. கோஸ்ட் டேட்டாவுலயே 2012ல இன்னொரு முடிச்சு அவிழ்ந்துச்சு, அலர்ஜிக்கான ஆன்டிபாடி முதல்ல வருது, அப்பறம்தான் ரைனோ வைரஸ் வீசிங், வரிசை மாறி வரல. அப்ப அலர்ஜியும் கதைக்கு வெளிய இல்ல, 17க்யூ21 வழியா வரலையே தவிர வேற வாசல் வழியா வருது.

ஜீன் விதி இல்லன்னு எனக்கு ரொம்ப அழுத்தமா புரிய வெச்சது ஐரோப்பாவுல ஆஸ்திரியா, பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்கள்ல நடந்த பாஸ்ச்சர் ஆய்வு. 2016ல அவங்க 17க்யூ21ஐயும் வீசிங்கையும் பாத்தப்ப, ரிஸ்க் வடிவம் இருக்கற குழந்தைங்க முதல் வருஷத்துல மாட்டுக் கொட்டகையில புழங்குனா அவங்களுக்குத்தான் வீசிங் குறைஞ்சுது. எந்த வடிவம் கெட்டதுன்னு சொன்னோமோ அது இருக்கறவங்களுக்குத்தான் கொட்டகையோட பலனும் கெடைக்குது. அப்ப அது வெறும் கெட்ட ஜீன் இல்ல, சுத்துப்புறத்துக்கு அதிகமா காது குடுக்கற ஜீன், புகையக் குடுத்தா புகைக்கும் கேக்கும், கொட்டகையக் குடுத்தா அதுக்கும் கேக்கும். இதப் படிச்சுட்டு வீசிங் இருக்கற குழந்தைய மருந்து மாதிரி கொட்டகைக்குக் கொண்டு போக வேண்டாம், காய்ச்சாத பாலும் குடுக்க வேண்டாம், இதெல்லாம் பொறந்ததுல இருந்து அங்கயே வளர்ந்த புள்ளைங்களோட கணக்கு.

சரி, வீட்டுல வீசிங் குழந்தை இருக்கறவங்க இத வெச்சு என்ன பண்றது.

ஜீன் டெஸ்டுக்கு செலவு பண்ணாதீங்க. ஐரோப்பிய மக்கள்ல 17க்யூ21 ரிஸ்க் எழுத்து கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு ஆஸ்துமா கிடையாது. இந்த ஆய்வுக் குழந்தைங்க பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி, அதனால அந்த ரிஸ்க் எண்ணுங்கள அப்படியே தூக்கி நம்ம புள்ளைங்க மேல வைக்கவும் கூடாது. டாக்டருக்கு உங்க ரிப்போர்ட்ட விட நீங்க சொல்ற விவரம்தான் உதவும்: அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ அலர்ஜியோ உண்டா, குழந்தைக்கு எக்சிமாங்கற தோல் அரிப்பு இருக்கா, ரெண்டு முடிஞ்சு மூணாவது வருஷத்துலயும் சளிக்கு சளி வீசிங் தொடருதா, சளி இல்லாதப்பவும் ஓடுனா சிரிச்சா இரைப்பு வருதா. இதையெல்லாம் தேதி போட்டு ஃபோன்லயே குறிச்சு வைங்க, கோபன்ஹேகன் அம்மாக்கள் எழுதுன டைரிக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததுனாலதான் இவ்வளவும் தெரிஞ்சுது.

சிகரெட் விஷயத்துல இடமே குடுக்காதீங்க. பால்கனியில போய் புடிச்சுட்டு வந்தேன்கறதெல்லாம் சட்டையோடயும் கையோடயும் உள்ள வந்துடும், மாமாவா இருந்தாலும் தாத்தாவா இருந்தாலும் சொல்லிடுங்க. இந்த ஜீன் கதையில மாத்த முடியற விஷயங்கள்ல ஆதாரம் தெளிவா இருக்கறது இது.

ஸ்டீராய்டு இன்ஹேலர் பத்தி ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. பழகிடும்னு பயந்து டாக்டர் எழுதியும் குடுக்காம விடறவங்க ஒரு பக்கம், இப்பவே குடுத்துட்டா பின்னாடி ஆஸ்துமாவே வராதுன்னு நம்பறவங்க இன்னொரு பக்கம். 2006ல ரிஸ்க் அதிகமான ரெண்டு மூணு வயசுக் குழந்தைங்க 285 பேர வெச்சு ரெண்டு வருஷம் தினமும் குடுத்துப் பாத்தாங்க, குடுக்கும்போது அறிகுறி நல்லா குறைஞ்சுது, நிறுத்துன அப்பறம் வித்தியாசம் காணாம போச்சு. அதே வருஷம் கோப்சாக்ல வீசிங் வரும்போது மட்டும் குடுத்தும் பாத்தாங்க, நோய் போற பாதை மாறல. அப்ப அது குழந்தை இன்னைக்கு நிம்மதியா தூங்கறதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கறதுக்கும் மருந்து. அதுக்காகக் குடுங்க, அந்தக் காரணமே போதும். மூச்சு விடும்போது விலா உள்ள இழுக்குது, பால் குடிக்க முடியல, உதடு நீலமாகுதுன்னா நெபுலைசர் வெச்சுப் பாத்துட்டுப் போலாம்னு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

தடுக்கற பக்கம் கையில இருக்கறது கொஞ்சம்தான். கோப்சாக் குழுவே தனியா 736 கர்ப்பிணிங்கள ரெண்டாப் பிரிச்சு, கடைசி மூணு மாசம் ஒரு பாதிக்கு மீன் எண்ணெய் கேப்சூல் தினம் 2.4 கிராம் அளவுக்கும் இன்னொரு பாதிக்கு ஆலிவ் எண்ணெயும் குடுத்துப் பாத்தப்ப, குழந்தைங்களுக்கு நீடிச்ச வீசிங்கோ ஆஸ்துமாவோ வந்தது 23.7 சதவீதத்துல இருந்து 16.9க்கு இறங்குச்சு, 2016ல வெளியாச்சு. அதுலயும் பலன் அதிகமா தெரிஞ்சது ரத்தத்துல அந்த மீன் எண்ணெய்க் கொழுப்பு ஏற்கெனவே கம்மியா இருந்த அம்மாக்களுக்கு. அவ்வளவு டோஸ டாக்டர் கேக்காம நீங்களா ஆரம்பிக்காதீங்க. ஆர்எஸ்விக்கு நிர்செவிமாப்ங்கற, ஒரு தடவை போடற ஊசி ஐரோப்பாவுல 2022லயும் அமெரிக்காவுல 2023லயும் அனுமதி வாங்கி பச்சக் குழந்தைங்களுக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் புள்ளைங்க ஆறு ஏழு வயசு ஆகும்போதுதான், ஒரு வைரஸ லட்சக்கணக்கான குழந்தைங்ககிட்ட இருந்து எடுத்துட்டா ஆஸ்துமா குறையுதாங்கறது பெரிய அளவுல தெரிய வரும்.